அம்மாவுக்கு இரண்டு தேதி

"உங்கம்மாவுக்கு மட்டும் வருஷத்துக்கு ரெண்டு நினைவு நாளா? லீவு போட வேற காரணமே கிடைக்கலையாய்யா?"

மேனேஜர் வருடா வருடம் கேட்பார். கணக்கர் தலையைச் சொறிவார். வீட்டுச் சண்டையை ஆபீசிலா சொல்ல முடியும்?

அம்மா இறந்தது பிறை மூன்று, அதாவது பிறை பார்த்துத் தொடங்கும் முஸ்லிம் மாதத்தின் மூன்றாம் நாள். பிறைக் கணக்கில்தான் அம்மாவுக்காக துஆ ஓதி வேண்டிக்கொள்ளவேண்டும் என்பது தையற்கடை அண்ணனின் பிடிவாதம். "ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்த இங்கிலீஷ் தேதி என்ன சும்மாவா?" என்பது டீச்சர் அக்காவின் கட்சி. பிறை வருடம் சின்னது. அதனால் அண்ணனின் தேதி ஒவ்வொரு வருடமும் முந்திக்கொண்டு ஓடும். முதல் வருடமே இருவருக்கும் முட்டிக்கொண்டது. அதோடு பேச்சும் நின்றது. முப்பது வருடத்துக்கும் மேலாக இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடப்பவர் கணக்கர்தான்.

ஓடிய தேதி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இந்த வருடம் இரண்டும் ஒரே நாளில் வருவதாக இருந்தது. கணக்கர் தன் வீட்டிலேயே துஆவுக்கு ஏற்பாடு செய்து இருவரையும் அழைத்தார்.

"பார்க்கலாம்" என்றார் அண்ணன்.

"பார்க்கலாம்" என்றாள் அக்கா. இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னதே அவருக்குப் பெரிய சந்தோஷம்.

போதாத நேரம், பிறை பார்க்கும் அன்று வானம் மூடிக்கொண்டது. பிறை கண்ணில் படாததால் மாதம் ஒரு நாள் தள்ளிப் பிறந்தது. அண்ணனின் தேதி மறுநாளுக்குப் போய்விட்டது. கணக்கருக்கு அழுகையே வந்தது. அடுத்த சுற்று வரும்போது மூவரில் யார் மிச்சம் இருப்பார்கள்?

அக்காவின் தேதியன்று அவளுக்காக வாசலில் நின்றார். வந்தது அண்ணன்.

"அண்ணே, உங்க கணக்குக்கு நாளைக்குத்தானே?"

"இன்னிக்குத்தான். ஆஸ்பத்திரிக்காரன் பொய்யா எழுதுவான்?" அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்கே அவ?"

கணக்கர் பதறிப்போய் அக்காவுக்குப் போன் போட்டார்.

"இன்னிக்கு எதுக்குடா வரணும்? நாளைக்குத்தானே பிறை மூணு. அண்ணன் வர்ற அன்னிக்கே நானும் வர்றேன்."

அண்ணன் போனைப் பிடுங்கினார். "இன்னிக்குத்தான் தேதி. கிளம்பி வா."

"முடியாது. பிறைப்படி நாளைக்குத்தான். நீங்க சொன்னதுதானே?"

"நான் சொன்னதை நீ என்னிக்குக் கேட்டே?"

சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. கணக்கரின் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"மறுபடியும் சண்டையா? முதல்ல போனை வாங்குங்க."

"விடு," கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார் கணக்கர். "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் பேசிக்கிறாங்க."