இறாலுக்குத் திறந்த வாய்

ஜூன் மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை காலை, பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் இருந்த கடல்நீர்த் தொட்டியில், விலாங்கு வாயைப் பிளந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த மாமா தன் வாயை இறுக மூடிக்கொண்டார்.

பல் டாக்டர் கையுறையோடு கதவருகே நின்று இரண்டு வாய்களையும் பார்த்தாள். மாமா என்றால் அவளுடைய அக்கா கணவர். வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. கடைவாய்ப் பல். அதைப் பிடுங்காமல் அவரால் வேலைக்குப் போக முடியாது. பிடுங்காமல் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று அக்காவும் சொல்லிவிட்டாள்.

விலாங்கு பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்பார்கள். மாமா அக்காவிடம் "டாக்டர்கிட்ட போறேன்" என்றும், டாக்டரிடம் "உங்கக்கா அவசரமா கூப்பிடுறா" என்றும் சொல்லி ஒரு வாரத்தை ஓட்டியிருந்தார்.

"ஐயோ, கடிக்க வருது!" என்று பக்கத்து நாற்காலி அம்மாள் காலைத் தூக்கிக்கொண்டார்.

"கோபமில்லீங்க, மூச்சு விடுது. வாயால தண்ணிய இழுத்தாத்தான் அதுக்கு உசிரு," என்றார் மாமா, கன்னத்தைப் பிடித்தபடி.

பாறை இடுக்கில் உடம்பை ஒளித்துத் தலையை மட்டும் நீட்டியிருந்தது விலாங்கு. செதிலே இல்லாத வழவழப்புத் தோல், மேலே மஞ்சள் புள்ளிகள். வாய்க்குள் ஊசி ஊசியாய்ப் பற்கள்.

சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு வந்தது. நேராக அந்த வாய்க்குள் நுழைந்து, பல்லிடுக்கில் எதையோ கிள்ளித் தின்றது.

விலாங்கு அசையவில்லை. வாயைத் திறந்தபடியே வைத்திருந்தது.

"பாத்தீங்களா மாமா? அது ஒரு இறாலை நம்புது. நீங்க பொண்ணெடுத்த வீட்டுப் பிள்ளையை நம்ப மாட்டேங்குறீங்க!" என்றாள் டாக்டர்.

அறையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். பாதியில் வலி வந்து சிரிப்பு நின்றது. வாய் மட்டும் திறந்தபடி நின்றுவிட்டது.

"அப்படியே வாங்க, மூடாதீங்க."

அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அந்தக் கையில் முழங்கை வரை வரிசையாகப் பழைய கடித் தழும்புகள்.

பல் வெளியே வந்தது.

காயம் ஆறியதும் மாமா வேலைக்குத் திரும்பினார். முதுகில் கட்டிய உருளையின் காற்றுக் குழாயைப் பல்லால் கவ்விக்கொண்டு, கடல்மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டிக்குள் இறங்கினார். பாறை இடுக்குகளில் கையை விட்டு, ஆள் நீள விலாங்குகளுக்கு வழக்கம்போல் ஊட்டிவிட்டார்.