உட்கார்ந்து உட்கார்ந்து

"உங்கப்பாவை விட்டுட்டு நீ பாட்டுக்கு முன்னால ஓடிடாதடி. அவருக்கு இப்பல்லாம் முன்ன மாதிரி முடியறதில்ல" என்றாள் தெரசா.

"நீயும் வாம்மா."

"என் முட்டிக்கு இத்தனை படியெல்லாம் ஆகாது. நான் இந்தக் கடையிலேயே உக்காந்திருக்கேன். நீங்க அருவியைப் பார்த்துட்டு வாங்க."

வனிதா அப்பாவோடு ஆகாய கங்கைக்குப் படி இறங்கினாள். அப்பா பிலிப் செம்மேடு தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி ஓசூர் போன மகள் இப்போதுதான் முதல்முறையாக மலைக்கு வந்திருக்கிறாள். நேற்று வாசலூர்பட்டி ஏரியில் படகு, இன்று அருவி. மாப்பிள்ளை இமானுவேல் வரவில்லை.

"அவருக்கு லீவு கிடைக்கலப்பா" என்று பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. நேற்று படகில் போகும்போது வாய் வரைக்கும் வந்தது. அம்மா செல்ஃபி எடுக்கக் கூப்பிட்டாள். வந்தது உள்ளே போய்விட்டது.

இரண்டு நாள் முன்பு பெய்த கோடை மழையில் அருவி நன்றாகவே கொட்டிக்கொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாகக் கூச்சல் போட்டுக் குளித்தார்கள். வனிதா சுடிதாரின் முழுக்கையைக்கூட மடித்துவிடாமல் ஓரமாக நின்று பார்த்தாள். பிலிப் அருவியைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போலாமா கண்ணு?" என்றார்.

ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், "அப்பா... உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

பிலிப் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். "இரும்மா. மூச்சு வாங்குது."

"ஐயோ, நெஞ்சு வலிக்குதாப்பா?"

"வலியெல்லாம் இல்ல. வயசாகுதுல்ல. நான் பேசினா இன்னும் இழுக்கும். நீ ஏதாவது பேசிட்டிரு."

என்ன பேசுவது? ஓசூர் வீட்டைப் பற்றிச் சொன்னாள். காலையில் மட்டும் வரும் தண்ணீர், மொட்டை மாடியில் குரங்குத் தொல்லை, எதிர்வீட்டு சுமித்ரா அக்கா. அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நடந்தார்கள்.

"அந்த அக்கா மட்டும் இல்லைன்னா அன்னைக்கு நான்..." அதற்கு மேல் வரவில்லை.

பிலிப் மறுபடி உட்கார்ந்தார்.

கீழேயிருந்து ஏறி வந்த காலேஜ் பையன்களில் ஒருவன், "ஐயா, கையைப் புடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டான். வேண்டாம் என்று பிலிப் கையை மட்டும் அசைத்தார். அவர்கள் தாண்டிப் போகும்வரை காத்திருந்து வனிதா மெல்லச் சொன்னாள்.

"அன்னைக்கு முழுக்க அவங்க வீட்லதாம்பா இருந்தேன். எங்க வீட்டுக்குள்ள போகப் பயமா இருந்துச்சு."

அப்பா கொஞ்சம் நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்திலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் சொன்னாள். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டது, வேலையை விடச் சொன்னது, குழம்பில் உப்பு கூடியதற்காகத் தட்டு பறந்தது.

"அடிக்கிறானா?" இவ்வளவு நேரத்தில் பிலிப் கேட்டது அது ஒன்றுதான்.

"ரெண்டு தடவைப்பா." கொஞ்சம் கழித்து, "இல்ல... நிறைய தடவை" என்றாள்.

பிலிப் கம்பியை இறுகப் பிடித்தார்.

"நீங்க ஆசையா பார்த்து வெச்ச இடம்பா. சர்ச்சுல நாலு பேரு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்கன்னுதான் நான்..."

"அந்த நாலு பேருமா அவன்கிட்ட அடி வாங்கறாங்க?" என்றார் பிலிப். "நீ இனிமே அங்க போகவேண்டாம். நாளைக்கு நானே ஓசூர் போய் உன் சர்டிபிகேட்டு, துணிமணி எல்லாம் எடுத்துட்டு வாரேன். நீ கூட வரவும் வேண்டாம்."

வனிதா அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். மூன்று நாளாகச் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போன முகம்.

"அழு. இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டே போலாம். ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

மேலே வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தெரசா கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக அசைத்ததும் ஓடிவந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரக் கண்ணாயி அன்னாசிப் பழத்தை நறுக்கியபடியே நிமிர்ந்தாள்.

"ஏனுங்க சார், ஞாயித்துக்கிழமையானா எளவட்டமெல்லாம் பின்னால நிக்க, எங்கயும் உக்காராம ஒரே ஓட்டமா ஏறி வருவீங்களே! இன்னைக்கு மட்டும் என்னங்க இத்தனை நேரம்?"

"இன்னைக்கு எம் பொண்ணு கூட வந்தாளே கண்ணாயி" என்றார் பிலிப், கொஞ்சமும் மூச்சு வாங்காமல்.