வண்ண எழுத்தும் வராத பாட்டும்

துறைமுக நகரான தாக்கொராடியின் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளர் அராபா மவுஸை மறுபடி மறுபடி அழுத்துகிறாள். அவள் பாடிய முதல் பாட்டு, விளம்பரம் முடிந்ததும் ஒலிக்க வேண்டும். காலையிலிருந்து ஊருக்கே அறிவித்தாகிவிட்டது. தலைநகர் அக்ராவில் பாட்டைப் பதிவு செய்த கோபினா அனுப்பிய மின்னஞ்சலிலோ பாட்டைக் காணோம். ‘வின்மெயில்’ என்றொரு கோப்புதான் எதிலும் திறக்காமல் கிடக்கிறது. “அண்ணே, என்னத்த அனுப்புனீங்க?” என்று போனில் கத்துகிறாள். “பாட்டத்தாம்மா! இங்க ஒட்டியிருக்கு, பாக்குறேனே!” கண்ணாடிக்கு அப்பாலிருந்து அறிவிப்பாளர் எபோ இரண்டு விரல் காட்டுகிறான், இன்னும் இரண்டே விளம்பரம். ஜன்னல் வழியே பொரித்த மீன் வாசனையும் டாக்சிகளின் ஹாரனும் வருகின்றன. சட்டென்று அவளுக்குப் பொறி தட்டுகிறது. கோபினாவின் அஞ்சல் மென்பொருள் எழுத்தின் அலங்காரத்தோடு பாட்டையும் சேர்த்து மூட்டை கட்டிவிடுகிறது. இங்கே இருக்கும் மென்பொருளுக்கு அதை அவிழ்க்கத் தெரியவில்லை. “அண்ணே, கலரு எழுத்து வேணாம். வெறும் எழுத்துன்னு மாத்திட்டு திரும்ப அனுப்புங்க!” “உன் பேர செவப்புல பெருசா போட்டிருந்தேனே!” “பேரு ரேடியோவுல வரட்டும், அனுப்புங்கண்ணே!” எபோ ஒற்றை விரலைக் காட்டுகிறான். புதிய அஞ்சல் வந்து விழுகிறது. அதன் அடியில் பாட்டின் பெயரோடு ஒரு கோப்பு. பதிவிறக்கத்தின் பச்சைக்கோடு திக்கித் திக்கி நிறைகிறது. எபோவின் விரல் மடங்க, அவள் பொத்தானை அழுத்துகிறாள். கீழே தெருவில், டாக்சி டாக்சியாக, ரேடியோக்களில் அவள் குரல் எழும்புகிறது. அராபா வாயைப் பொத்திக்கொண்டு குதிக்கிறாள். “போன வச்சிராத,” என்கிறார் கோபினா, “நானும் கேக்குறேன்.”