ஒரு பிழைகூட வரவில்லை

“புரோகிராமை டைப்ஸ்கிரிப்ட் மொழில எழுதியிருக்கேன். எது எண், எது எழுத்துன்னு வரிக்கு வரி குறிச்சிருக்கேன். தப்பு நுழையவே முடியாது!” என்றான் கிப்ரோனோ. குழந்தைகளுக்கு மருந்தளவு சொல்லும் அவனுடைய புரோகிராம் இன்று மாலை நைரோபி கிளினிக்குகளுக்குப் போகிறது.

“நீ ஓட்டற மாதிரி கமாண்ட் லைன்ல நேரா ஓட்டினா, அந்தக் குறிப்பையெல்லாம் உரிச்சுப் போட்டுட்டுத்தான் ஓடும். சரிபார்க்காது. குறிப்பெல்லாம் சரியான்னு தனியா ஒரு தடவை சோதிச்சுடு,” என்றாள் பக்கத்து சீட் நஃபுலா.

“இத்தனை நாளா ஓட்டறேன், ஒரு பிழையாவது வந்துச்சா? உனக்குப் பொறாமை! வா, சாப்பிடப் போலாம்.”

உகாலிக் களி சாப்பிட்டுத் திரும்பினார்கள். வாசலில் செக்யூரிட்டி பராசா, வழக்கம்போல உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் கிப்ரோனோவைத் தடவினார். பையில் லேப்டாப், இடுப்பில் சாவிக்கொத்து. கருவி மூச்சுவிடவில்லை.

“என்ன பெரியவரே, சத்தமே வரலை?”

“பேட்டரி போய் ரெண்டு மாசமாச்சு, பாஸ்.”

“அப்புறம் எதுக்கு எல்லாரையும் தடவுறீங்க?”

“இத்தனை நாளா தடவுறேன், ஒருத்தராவது மாட்டினாங்களா? எல்லாரும் நல்லவங்க, பாஸ்!”

கிப்ரோனோ லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடினான்.