மூடாத சாலை

ஜன்னல் வெளுத்திருந்தது. பனி பெய்துவிட்டது என்று நினைத்தேன்.

வாசல் கதவைத் திறந்து வெறுங்காலோடு படியில் இறங்கினேன்.

பனி பெய்யவில்லை. புல்மேல் உறைபனிதான் படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் போய்விடுகிற வெள்ளை. வேலிக்கு அப்பால் சாலை கறுப்பாக, காய்ந்து, ஏரிக்கரையோரம் வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

மூன்று நாளாக வானொலியில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாஸ்மேனியா மேட்டு நிலம் முழுக்க நாற்பது சென்டிமீட்டர் பனி. ஏரிச் சாலையை இரண்டு நாளாவது மூட வேண்டியிருக்கும். ரொட்டி, பால், விறகு எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நான்கு நாளுக்கு எடுத்து வைத்திருந்தேன்.

சாலை மூடினால் கீழேயிருந்து யாரும் மேலே வர முடியாது. யாரும் வராவிட்டால் டாம்சின் இன்னும் இரண்டு நாள் எங்களோடு இருப்பாள்.

ஒன்பது மாதக் குழந்தையாக அவளை எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். தாய்க்குச் சரியாகும்வரை வளர்த்துத் தரச் சொன்னார்கள். இப்போது அவளுக்கு ஐந்து வயது. தாய்க்குச் சரியாகிவிட்டது. நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டுவிட்டது. இன்று காலை பத்து மணிக்கு அதிகாரி அந்தத் தாயோடு வருவார் என்று கடிதம் வந்திருந்தது.

என் கணவன் டாரல்தான் இந்தச் சாலையில் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவன்.

நேற்று சாப்பிடும்போது அவனிடம், "நாளைக்கு மட்டும் வண்டி ரிப்பேர்னு சொல்லிடேன்," என்றேன்.

"இருபத்திரண்டு வருஷமா ஒரு நாள்கூட மக்கர் பண்ணாத வண்டி. யாரு நம்புவா?" என்று சிரித்தான். பிறகு டாம்சின் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, சொல்லிப் பாக்கறேன்," என்றான்.

விடியும் முன்பே வண்டி ஷெட்டுக்குப் போயிருந்த டாரலிடமிருந்து ஆறரைக்குப் போன் வந்தது.

"ஒண்ணுமே இல்ல லொரி. மேகமெல்லாம் தெக்கால ஒதுங்கிப் போயிடுச்சாம். ரோடு காஞ்சு கிடக்கு."

"அப்ப வீட்டுக்கு வா."

 

"ஷெட்ல கொஞ்சம் வேல இருக்கு," என்றான்.

பனி பெய்யாத நாளில் ஷெட்டில் என்ன வேலை. நான் வற்புறுத்தவில்லை.

டாம்சினின் அறையை எட்டிப் பார்த்தேன். போர்வையை உதைத்துவிட்டுக் குப்புறக் கிடந்தாள். மூடிவிட்டு வந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய காலுறைகளை எடுத்துப் பெட்டியில் வைக்கவில்லை. அதற்கு இன்னும் நேரம் இருந்தது.

ஏழே காலுக்கு வாசலில் கார் சத்தம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பத்து மணி என்றால் பத்து மணி. மிச்சமிருக்கிற இந்தக் கொஞ்சத்தையுமா பிடுங்க வேண்டும்?

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு சின்ன நீலக் கார். உள்ளே கிர்ஸ்டி மட்டும். டாம்சினைப் பெற்றவள். மாதம் ஒரு முறை நகரத்து அலுவலக அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் மட்டுமே நான் அவளைப் பார்த்திருக்கிறேன்.

காரின் கூரைமேல் உறைபனி தடித்துக் கிடந்தது. முன்கண்ணாடியில் மட்டும் கையால் சுரண்டியதுபோல ஒரு வட்டம். நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓடி வந்த வண்டி அப்படி இருக்காது.

பின் இருக்கையில் ஒரு கசங்கிய போர்வை. அதன் பக்கத்தில் குழந்தைக்கான புது இருக்கை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"பத்து மணிக்குத்தான்னு தெரியும்," என்றாள். பற்கள் தந்தியடித்தன. "நான் இங்கயே உக்காந்திருக்கேன். உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன். ரோட மூடிருவாங்கன்னு ரேடியோல சொன்னாங்க. அதான் நேத்து மத்தியானமே ஏறி வந்துட்டேன். படகுத்துறை பக்கத்துல வண்டிலயே படுத்துக்கிட்டேன்."

நான் மறுபடி அந்தக் கசங்கிய போர்வையைப் பார்த்தேன்.

"ஆபீசரம்மாகிட்ட சொல்லிராதீங்க. தப்பா எடுத்துக்கப் போறாங்க."

நான் பார்த்துக்கொண்டு கிடந்த அதே வானத்தைத்தான் அவளும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். பெய்துவிடக் கூடாது என்று.

இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் என்னுடையது. சரி, இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு நான் திரும்பியிருக்கலாம். அவளே அப்படித்தான் சொல்கிறாள். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"உள்ள வா," என்றேன்.

சமையலறையில் டீ கொடுத்தேன். அவள் விரல்கள் மடங்கவில்லை. கோப்பையை அவள் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, நழுவாமல் என் கைகளால் மேலே பிடித்துக்கொண்டேன். பாதிதான் குடித்தாள். கண்கள் ஒவ்வொரு கதவாகப் போய்க்கொண்டிருந்தன.

"எந்த ரூம்?"

காட்டினேன். எழுந்தவள் அங்கேயே நின்றாள்.

"எழுப்பினா அழுவாளா?"

"பேரச் சொல்லிக் கூப்பிடாத, திடுக்கிட்டுருவா," என்றேன். "முதுகுல கை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. அவளே திரும்புவா."

தலையாட்டினாள். தன் கையைப் பார்த்தாள். அது இன்னும் சில்லென்று இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். அடுப்புக்கு நேராக நீட்டி, இரண்டு பக்கமும் காட்டிச் சூடாக்கிக்கொண்டு போனாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

டாம்சின் தினமும் கண்ணைத் திறக்காமலேதான் "அம்மா" என்பாள்.

நான் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கழுவ எதுவும் இல்லாத தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.