சாவி கொடுக்கும் கைக்கடிகாரம்

“மூணாவது அத்தியாயத்துலயே மாட்டிக்கிட்டீங்க தம்பி,” என்றார் பதிப்பாளர்.

எதிரே உட்கார்ந்திருந்த உதவியாளர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். மேஜைமேல் அவருடைய நாவல் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், நாடா போட்டுக் கட்டியது. நான்கு வருஷமாக விடியற்காலையில் எழுந்து, பால் பாத்திரத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, சமையல் மேடையில் வைத்து எழுதியது. அதற்குப் பக்கத்தில் பெரியவரின் புதிய நாவல் கிடந்தது. அதில் அங்கங்கே மஞ்சள் சீட்டுகள். பதிப்பாளர் இவ்வளவு சிரத்தையாக எதையும் படித்ததே கிடையாது.

பெரியவர் என்றால் ஊரே படிக்கும் நாவலாசிரியர். அவர் வீட்டில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவர் நம் உதவியாளர். பெரியவருக்குக் கை நடுக்கம், அவர் வாயால் சொல்லச் சொல்ல இவர் எழுதித் தருகிறார் என்பது புத்தகத் தொழிலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு இதே அறைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார். ஆனால் இன்றைக்கு வந்தது தனக்காக. தன் பெயர் போட்ட முதல் புத்தகம் வருமா வராதா என்று தெரிந்துகொள்ள. வீட்டில் மகள் அதற்குள் அட்டைப்படமே வரைந்து, அப்பாவின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள்.

பதிப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டிலிருந்தும் படித்துக் காட்டினார். உதவியாளரின் நாவலில் ஒரு குமாஸ்தா, பொய் சொல்லும்போதெல்லாம் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறான். பெரியவரின் நாவலில் ஒரு தபால்காரர், மனைவியிடம் பொய் சொல்லும்போது அதையேதான் செய்கிறார். சின்ன வாக்கியம், சின்ன வாக்கியம், பிறகு மூச்சு வாங்க வைக்கும் ஒரு நீள வாக்கியம். அந்த நடையும் அச்சு அசல் அப்படியே.

“அது எங்க அப்பாவோட பழக்கம் சார்,” என்றார் உதவியாளர் மெதுவாக.

“பெரியவர் பேட்டியிலேயே சொல்லியிருக்காரு, அது அவங்க அப்பாவோட பழக்கம்னு. அப்பாவையுமா தம்பி காப்பி அடிப்பீங்க?”

உதவியாளர் மேஜைமேல் அவிழ்ந்து கிடந்த தன் நாவலின் நாடாவை எடுத்துக் கட்டினார்.

பதிப்பாளர் கெட்டவர் இல்லை. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். பதினோரு வருஷம் ஒருத்தர் சொல்வதையே எழுதினால் அது ஒட்டத்தான் செய்யும், இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை என்று சமாதானம் சொன்னார். ஒரு இரண்டு வருஷம் பெரியவரைப் படிக்காமல் இருங்கள், உங்களுக்கென்று ஒரு நடை தானாக வரும் என்று வைத்தியமும் சொன்னார். நேற்றே பெரியவருக்குப் போன் போட்டு விஷயத்தைக் காதில் போட்டுவிட்டாராம். கோபப்படவில்லையாம். வருத்தப்பட்டாராம்.

நாவலைத் திருப்பிக் கொடுத்த கையோடு, பெரியவரின் அடுத்த நாவல் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். கடைசி மூன்று அத்தியாயம் வராமல் அச்சகம் காத்துக் கிடக்கிறதாம்.

“புதன்கிழமைக்குள்ள முடிச்சுடறேன் சார்.”

“நீங்க முடிக்கறீங்களா? பெரியவர் முடிச்சுடுவார்னு சொல்லுங்க தம்பி,” என்று பதிப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். உதவியாளரும் சிரித்து வைத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் மனைவியிடமிருந்து போன். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். மகள் பக்கத்திலேயே நிற்கிறாளாம்.

“படிச்சுக்கிட்டு இருக்காங்களாம். நல்லா வந்திருக்குன்னாங்க.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் பேசினார். பேசி முடித்துக் குனிந்து பார்த்தால், வலது கை இடது மணிக்கட்டில் இருந்த அப்பாவின் பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் அழ முடியாது என்பதால் வெளியே பார்த்தார்.

பெரியவர் வீட்டு மாடி அறையில் எல்லாம் வழக்கம்போல இருந்தது. பெரியவரின் சாய்வு நாற்காலி, எதிரே உதவியாளரின் மேஜை, அதன்மேல் வெள்ளைத்தாள் கட்டு. பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கடிகாரமே கட்டியறியாத மணிக்கட்டைச் சொறிந்துகொண்டார். பதிப்பாளர் சொன்னதைக் கேட்டு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்றார். தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் இதை இப்படியே விட்டால் நாளைக்கு ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்றார். அதனால் அடுத்தவர் நடையைத் திருடுகிறவர்களைக் கண்டித்து, பத்திரிகைக்கு உடனே ஒரு கட்டுரை போயாக வேண்டுமாம்.

உதவியாளர் தன் நாவலை மேஜைக்கு அடியில் வைத்தார். ஒரு தாளை உருவி, பேனாவைத் திறந்து, பெரியவரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“சொல்லுங்க ஐயா, எழுதிக்கறேன்.”

பெரியவர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

“என்னப்பா, புதுசா என்னைப் போய்ச் சொல்லச் சொல்றே? பதினோரு வருஷமா என் நாவலையெல்லாம் நீயேதானே எழுதறே, இதையும் எழுதிடு,” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனவர், கதவருகே நின்று திரும்பினார். “கொஞ்சம் காரமாவே இருக்கட்டும். ஆனா திருடினவன்னு உன் பேர் எங்கயும் வராமப் பாத்துக்க, பாவம்.”