பெருநாள் போட்டோ

"போட்டோவை அப்புறம் பார்க்கலாம், பாய். முதல்ல மேலே பாருங்க. தலையைத் தூக்காம, கண்ணை மட்டும்."

சுஐபு மேலே பார்த்தார். இமைகள் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. டாக்டர் தாமரை ஒரு சின்ன அளவுகோலைக் கண்ணருகே வைத்து அளந்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

ஷார்ஜாவின் முவைலா பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நாற்பத்து நாலு வயது ஆள், கண்ணை அழகாக்கச் சொல்லி வருவது தினமும் நடக்கிற காரியமில்லை. மீசைக்கு மை தடவக்கூட வெட்கப்படுகிற ரகம். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"மேல் இமையில தோல் அதிகமா இருக்கு. மரத்துப்போற ஊசி போட்டு, கூடுதல் தோலை எடுத்துட்டுத் தையல் போடுவேன். ஒரு மணி நேர வேலை. அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்."

"உடனே கண்ணு பெருசாயிடுமா?"

"நல்லா கேட்டீங்க! முதல் வாரம் கண்ணாடிப் பக்கமே போகாதீங்க. வீங்கி, நீலம் பாரிச்சு, யார்கிட்டயோ அடி வாங்கினவர் மாதிரி இருப்பீங்க. ஆறேழு நாள்ல தையலைப் பிரிப்பேன். தழும்பு இமை மடிப்புக்குள்ள மறைஞ்சிடும். எல்லாம் படிஞ்சு வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரை அரிசி மூட்டை எல்லாம் தூக்கக் கூடாது."

"அது சரி டாக்டர். இந்த மாதிரி வருமா?" சுஐபு போட்டோவை மேசையில் நகர்த்தினார்.

ஷார்ஜா கார்னிஷ், நீர்க்கரைச் சாலை. பின்னால் படகுகள். புதுச் சட்டையில் ஓர் இளைஞன், அகலமான கண்களோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"எப்போ எடுத்தது?"

"பதினாறு வருசம் ஆச்சு. நோன்புப் பெருநாள். தொழுதுட்டு நேரா கார்னிஷுக்குப் போனோம். திரும்பி ரூமுக்கு வந்து பிரியாணி. யாரு கிண்டுறதுன்னு சண்டை போட்டே அடிப்பிடிக்க விட்டுட்டோம். அதையும் சுரண்டிச் சுரண்டித் தின்னோம்." சொல்லும்போதே சிரித்தார். "அப்படி ஒரு பெருநாள் அதுக்கப்புறம் வரவே இல்ல."

டாக்டர் போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதே மூக்கு, அதே தாடை. கண் மட்டும் எப்படி பாய் இவ்வளவு இறங்கிச்சு?"

"கடை... தூக்கமில்லாத பொழப்பு..." என்று சுஐபு இழுத்தார்.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். போட்டோவுல இருக்கிறவரை என்னால திருப்பிக் கொண்டுவர முடியாது. கொஞ்சம் பக்கத்துல போகலாம், அவ்வளவுதான். அதுக்கு மேல எதிர்பார்த்தா ஏமாந்து போவீங்க."

சுஐபு தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும் டாக்டர். பக்கத்துல போனாலே போதும்."

"யாருக்காக இதெல்லாம்?"

"கீழக்கரையில உம்மா இருக்காங்க. எழுபத்தஞ்சு வயசு, நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. எட்டு மாசமா குரலை மட்டும் கேக்க வச்சு ஓட்டிட்டேன். நெட் இல்ல, கேமரா உடைஞ்சு போச்சுன்னு ஆயிரம் சாக்கு. இப்ப முகத்தைக் காட்டியே ஆகணும்னு பிடிவாதம் பிடிக்கிறாங்க. இந்தக் கண்ணைப் பார்த்தா அவங்க நெஞ்சு தாங்காது."

இமை தொங்கியதற்கெல்லாமா ஒரு தாய்க்கு நெஞ்சு வெடிக்கும் என்று கேட்கத்தான் டாக்டர் வாயெடுத்தார். ஆனால் எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் கேட்காமல் தேதி குறித்துக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த சுஐபு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளறைக்குப் போனார். கண்ணாடியில் கண்கள் அகலமாக விழித்தன. மூலையில் கிடந்த பெட்டியைத் திறந்து நீல யூனிஃபார்ம் சட்டை ஒன்றையும், ஒரு பழைய போனையும் எடுத்தார். சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டினார்.

வீடியோ கால். திரையில் உம்மா அஸ்மத் பீவியின் முகம் தெரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. நல்லா இருக்கியளா? ஜைத் பேசுறேன். ராஸ் லஃபான்ல சரியான சூடு."

ஜைத் அவருடைய அண்ணன், பெருநாள் போட்டோவில் சிரித்தவர். ஒரு வயதுதான் வித்தியாசம். பத்து மாதத்துக்கு முன் கத்தாரின் ராஸ் லஃபானில் டூட்டியில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் ஆனது; ஓடிப் போய் மூன்று பிடி மண் போட்டது சுஐபுதான். உம்மாவுக்குச் சொல்லத் துணிவில்லை. ஊரில் விஷயம் தெரிந்தவர்களின் காலில் விழாத குறையாக எல்லார் வாயையும் கட்டினார். அன்று முதல் வாரத்தில் ஒரு நாள் சுஐபாகவும், ஒரு நாள் அண்ணனின் போனில் ஜைத்தாகவும் பேசிவந்தார். இரண்டு பேருக்கும் ஒரே குரல், ஒரே ஜாடை. கண் மட்டும்தான் வேறு. இனிமேல் சுஐபாகப் பேசும்போது மாட்டிக்கொள்ள ஒரு கறுப்புக் கண்ணாடிகூட வாங்கி வைத்திருந்தார்.

அஸ்மத் பீவி வெகுநேரம் அந்தக் கண்களையே பார்த்தார். திரையை விரலால் தடவினார்.

"ஜைத் போன் போட்டா முதல் பேச்சே, 'தம்பி பேசினானா உம்மா'ங்கிறதுதான்" என்றார் மெதுவாக. "பத்து மாசமா ஜைத்துன்னு சொல்லிப் பேசுற நீ, ஒரு தடவைகூட சுஐபைப் பத்திக் கேக்கலையே வாப்பா. மூத்தவன் போயிட்டான்னு நான் அப்பவே புரிஞ்சு, அவனுக்கு யாசீன் ஓதிட்டேன்."

"உம்மா..."

"முகத்தைக் காட்டச் சொன்னா நீயே உடைஞ்சு சொல்லிடுவே, ரெண்டு பேருமா அழுது தீத்துக்கலாம்னு நெனச்சேன். மூத்தவன் கண்ணுதான் மண்ணுக்குள்ள போயிடுச்சு. எனக்குன்னு மிச்சம் இருந்த உன் கண்ணையும் ஏன் வாப்பா வெட்டிக்கிட்டே?"